நிலவின் மேல் ஒரு மீசைப் பந்தயம்

நாகர்கோவில் சலூனில் சவரம் முடிந்து கன்னத்தில் படிகாரம் எரிந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த தாடிக்கார இளைஞன் கைப்பேசியைக் காட்டினான். "சாரே, நிலாவுல காத்தே கிடையாது. கொடி மட்டும் எப்பிடி ஆடிச்சு? ஆளு போகவேயில்ல, எல்லாம் செட்டு."

அந்த எரிச்சலோடு நினைவில் என் கடலோர ஊரான முட்டத்துக்குப் போய்விட்டேன். என் சிறுவயதில் அங்கிருந்த சலூனில்தான் ஊர் ரேடியோ கேட்கும். மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்ததும் கட்டுமரக்காரரான சூசை மாமா சிரித்தார். "எல்லாம் கள்ளம். போனவனுவ திரும்பி வந்தா என் மீசைய எடுக்கேன் பாரு!" மீன் ஏலக்காரர்களே அஞ்சிய மீசை அது.

சில நாளில், அவர்கள் கடலில் வந்து விழுந்ததாகவும் கப்பல் மீட்டதாகவும் ரேடியோ சொன்னது. மாமா மழுப்புவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். புயலில் கடலோடு போன தம்பியைத் தேடித் தேடி வெறுங்கையோடு கரை திரும்பியவர் அவர்.

"கடல்ல விழுந்த மூணு பேரையும் உசிரோட எடுத்துட்டானுவளா?" என்றார்.

"மூணு பேரையும்" என்றார் சலூன்காரர்.

"கடல்ல விழுந்தவன உசிரோட எடுக்கத் தெரிஞ்சவனுவ நிலாவுக்கும் போயிருப்பானுவ. எடு மக்கா கத்திய."

நினைவு நாகர்கோவில் நாற்காலிக்குத் திரும்பியது. வைப்புத்தொகை கட்டாத ஆட்சேபத்தை என் அரசுப் பணிக்காலத்திலும் நான் ஏற்றதில்லை. "தம்பி, போனது நெசம்னா தாடிய எடுப்பியா?" என்று பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டேன்.

இளைஞன் தாடியைத் தடவியபடி கைப்பேசியைப் பைக்குள் போட்டான்.