மண்டபத்துப் பள்ளியைத் தணிக்கை செய்த கதை

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில், தரப் பிரிவில் இருக்கிறேன். வீட்டிலும் அதே புத்திதான் என்பார் என் கணவர். சாம்பாரைக்கூட விடமாட்டேனாம்.

போன வருஷம் கொட்டிய மழையில் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏரித் தண்ணீர் புகுந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடந்தது. பேரிடர் நேரத்தில் பிள்ளைகளின் படிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் ஒரு தரப் பட்டியல் உண்டாம். வகுப்பின் செலவை ஏற்ற தொண்டு நிறுவனம், பட்டியலை வைத்துச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆலையிடம் ஆள் கேட்டது. கம்பெனி என்னை அனுப்பியது.

வாசலிலேயே டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்துப் போடுங்க மேடம். கொறைன்னு எழுதினா இதையும் மூடிடுவாங்க. ஸ்கூல் காயற வரைக்கும் இதுங்க தெருவுலதான் சுத்திகினு கெடக்கும்."

குடிநீர், வெளிச்சம், பாய், கழிப்பறை என்று எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் எனக்கே சந்தேகம் தட்டியது. ஆடிட் வரும் நாளில் கழித்துப் போட்ட பாகங்களை ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் தள்ளுகிறவர்கள்தானே நாங்களும்.

குறையுள்ள பாகத்தில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் கைப்பையில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, "எது சரியில்லையோ அதுல ஒட்டுங்க" என்றேன். பாதிப் பேர் ஓடியது கழிப்பறைக் கதவுக்கு.

"தாப்பாளே இல்லக்கா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னுகினே இருக்கணும்" என்றாள் ஒரு சிறுமி. நான் 'ஆம்' போட்ட கழிப்பறை! வெட்கமாகப் போய்விட்டது.

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. பிறகு அவரே, "எனக்கும் ஒண்ணு குடுங்க மேடம்" என்று வாங்கி, வருகைப் பதிவேட்டின் மேல் ஒட்டினார்.

"கம்பெனி வேலைக்கு வந்து லைன் வூட்டுல இருக்கிற ஒடிசாக்காரங்க பசங்க நாலு பேரு வந்துச்சுங்க. ரிஜிஸ்டர்ல பேரு இல்ல. யாராவது கேட்டா இன்னா சொல்றதுன்னு பயந்து நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் என்பதுதான் பட்டியலின் முதல் வரி. விசாரிக்காமலே அதற்கும் 'ஆம்' போட்டவள் நான் என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் அடங்கிவிட்டது. கழிப்பறை, முதல் வரி இரண்டையும் அடித்து 'இல்லை' என்று எழுதினேன். ஆலையில் எத்தனையோ 'இல்லை' எழுதியிருக்கிறேன். எழுதும் முன் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தது அன்றுதான்.

"மூடிடுவாங்களா மேடம்?"

"தெரியல டீச்சர்."

மனசு கேட்காமல் அடுத்த வாரம் முதல் ஷிஃப்ட் முடிந்ததும் போனேன். அறிக்கைக்கு இன்னும் பதில் வந்திருக்கவில்லை. கழிப்பறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள். முன்னால் இருந்த பாயில் நான்கு புது முகங்கள், பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒடியாவில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே கூச்சல், சிரிப்பு. எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருந்தது. லைன் வீட்டுக்கு டீச்சரே நடந்துபோய் அழைத்து வந்தாராம்.

"பதில் வந்துச்சா மேடம்?"

இன்னும் இல்லை என்றேன்.

"வரட்டும். மூடறதா இருந்தா எல்லாருக்கும் சேத்து மூடட்டும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.