ஃப்ரீசரில் இருந்த மகள்

மருத்துவக் கல்லூரியில் ஃப்ரீசர்களைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத ஆள். ஆனால் யாரோடும் கை குலுக்க மாட்டார். பெற்ற மகளைக்கூடத் தூக்கியதில்லை.

ஏன் என்பது மனைவிக்குத் தெரியும். அந்த மகளுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியபோது கூலிங் ஆசையாகப் பாதத்தைத் தொட்டார். தோல் அவர் விரலோடு வந்துவிட்டது. சில நாட்களில் குழந்தை போய்விட்டது. டாக்டர் கேட்டதால், ஆராய்ச்சிக்கென்று துளித் தோல் எடுக்கச் சம்மதித்தார்கள்.

அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் அந்த வழுக்கல் விரலில் வந்து நின்றது. தூக்கத்திலும் கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தோல் ஆய்வகத்தில் ஃப்ரீசரைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அங்கிருந்த ஆய்வாளரிடம் தயங்கிக் கேட்டார்.

“மேடம், என் பொண்ணோட தோல் இங்கதான் இருக்கா?”

விவரம் கேட்டுக்கொண்ட அந்தப் பெண், அனுமதி வாங்கி அடுத்த வாரம் அவரைக் கூப்பிட்டார்.

“இருக்குங்க. நீங்க ரிப்பேர் பாக்குற அதே ஃப்ரீசர்லதான்.”

“அப்ப இத்தனை வருஷமா நான்தான் அவளைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “தோல் செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நிக்க ஒரு புரதம் மட்டும் போதாதுங்க. சிலது வெளிய நீண்டு பக்கத்து செல்லைப் பிடிக்கும். உள்ள இன்னும் சிலது வந்து சேரும். கடைசியா ஒண்ணு, அந்தப் பிடியை செல்லுக்குள்ள இருக்குற நாரோட கட்டும். பாப்பாவுக்கு அந்தக் கடைசிப் புரதம் பாதியிலயே நின்னுடுச்சு. பிடி இருந்துச்சு, கட்டு இல்லை.”

“நான் தொட்டதாலதானே...”

“துணி பட்டாலும் பிரிஞ்சிருக்கும். பிறக்கறதுக்கு முன்னாடியே அப்படித்தான்.”

பிறகு இரண்டு குழாய்களைக் காட்டினார். இரண்டிலும் குழந்தையின் செல்களை வளர்த்து எடுத்த மெல்லிய ஏடு மிதந்தது. முதல் குழாயைக் கவிழ்த்தார். ஏடு தூள் தூளாகப் போனது. கூலிங் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணும் அவதான். அந்தப் புரதத்தை முழுசா செய்யற மரபணுவைக் கொடுத்திருக்கோம்.”

குழாய் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஏடு சுருண்டது, கிழியவில்லை.

“இதை அப்பவே...”

“அப்ப தெரியாதுங்க. இப்பவும் ஒரு குழந்தைக்குக் கொடுக்குற அளவுக்கு வரலை.”

மாலையில் வீட்டில் மகள் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கூலிங் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லை. நீ வரை.”

பழைய வழுக்கல் அப்படியே வந்து நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, சத்தமில்லாமல் அடுப்பை அணைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.