அத்தானின் இரும்புக்குச் சந்தனப் பொட்டு

இரண்டு குழல் புட்டுகளைத் தட்டில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, அவற்றின் மேல் பிஸ்கற் பெட்டியின் மூடியை அலுங்காமல் ஏற்றினார் அத்தான். பின்விளிம்பில் ஒரு தேக்கரண்டியைத் தொங்கவிட்டார். பிறகு தலையைச் சாய்த்து, பெண் பார்க்க வந்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டரை இன்னும் ஒரு சாண் பின்னுக்கு எடுக்கவேணும். கொஞ்சம் கீழ இறக்கவேணும். அப்பதான் வள்ளம் சொல்லுக் கேக்கும்" என்றார். சம்பலைக் கொண்டுவந்த அக்கா, "இஞ்சேருங்கோ, அது சாப்பிடுற சாமான். கப்பல் கட்ட வேறை இடம் பாருங்கோ" என்றாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அது யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீடொன்றில், அக்கா குடும்பத்தோடு நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்திருந்தோம். வடக்கே கடலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த நாளில் தமிழ் வீட்டிலிருந்து வெளியே கேட்கக்கூடாத சொற்கள் சில இருந்தன. வள்ளமும் மோட்டரும் அவற்றில் முதல் வரிசை. அத்தானோ காலைச் சாப்பாட்டிலேயே இரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்துவிட்டார். கீழ்வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, உண்மைதான். ஆனால் மோட்டர் எந்த மொழியிலும் மோட்டர்தானே.

கொழும்புக்குத் தெற்கே பொல்கொடை ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் அத்தானுக்கு வேலை. பல்ப் மாற்றுவதில் இருந்து ஜெனரேட்டர் வரைக்கும் அவர் பொறுப்பு. அங்கே இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்களின் மேல் பலகைத் தளம் அடித்த மிதவைப் படகொன்று இருந்தது. கல்யாண ஜோடிகளை ஏற்றி, தேநீர் கொடுத்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். படகை ஓட்டுவதும் அத்தான்தான். ஆட்கள் கூடினால், அல்லது வளைத்துத் திருப்பினால், அந்தப் படகு மானத்தை வாங்கும். குழாய்களுக்கு நடுவில் கிளம்பும் நுரை, பின்னால் உள்ள மோட்டரின் விசிறிக்குள் புகுந்துவிடும். தண்ணீரைத் தள்ளவேண்டிய விசிறி காற்றைத் தள்ளும். மோட்டர் கழுத்தை நெரித்த மாதிரிக் கத்தும்; படகு அசையாது. மோட்டரை நுரைக்கு அப்பால், பின்னுக்கும் கீழுக்குமாகத் தள்ளிப் பூட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது புட்டில் கண்ட முடிவு.

இப்போது சொல்வதற்கு இது எவ்வளவு சாதுவான விஷயம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தமிழனுக்கு, இந்தக் காலத்தில், படகு ஏன் நன்றாக ஓடவேண்டும்? மூழ்காமல் மிதந்தால் போதாதா? அத்தானை நான் உளவு பார்க்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். எங்கே என்று கேட்டால் "சும்மா" என்றார். சும்மா போய்வருகிறவர் கையில் கிறீஸ் கறை எதற்கு? அவர் குளிக்கும்போது அவருடைய சட்டையை மணந்து பார்த்தேன். எதை எதிர்பார்த்தேன் என்று தெரியாது. சட்டையில் அத்தான் மணம்தான் வந்தது. "அக்கா, உனக்கு இவரைப்பற்றி எல்லாம் தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டேன். "குறட்டை விடுவார். வேறை என்ன தெரியவேணும்?" என்றாள்.

சந்தேகப்பட்டவன் நான் மட்டுமல்ல. ஹோட்டல் மனேஜர் அத்தானைக் கூப்பிட்டு, "படகு போகிற வேகம் போதாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தச் சிரிப்புத்தான் சரியில்லை என்றார் அத்தான். போதாக்குறைக்கு, பொலிஸ் பெரியவர் ஒருவரின் மகளுக்கு அங்கே கல்யாணம் வந்தது. மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு படகு நடு ஏரியில் நின்றால், தமிழன் ஏதோ செய்துவிட்டான் என்பார்கள். பறந்தால், தமிழன் எதற்கோ பழகுகிறான் என்பார்கள். நின்றாலும் ஓடினாலும் உள்ளே போவது அத்தான்தான். கடைசியில் மனேஜர், "சரி, செய். ஆனால் உன் பொறுப்பு" என்றார்.

கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றில் செய்வித்த இரும்புத் தாங்கியை எடுத்துவர என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் சிங்களம் நல்லது; அவருடைய சிங்களம் துவாய், தேநீர், பல்ப் அளவில் நின்றுவிடும். தாங்கியைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. கனத்த தகடு, போல்ட் ஓட்டைகள், புதுக் கறுப்புப் பூச்சு. காலிக்குப் போகும் பெருவீதியின் சோதனைச் சாவடியில் இதைப் பார்த்தால் எவனும் புட்டைப்பற்றி யோசிக்கமாட்டான். என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. பட்டறைக்குப் பக்கத்தில் கோயில். சிவப்புப் பட்டுத்துணியும் பூமாலையும் வாங்கி, இரும்பைச் சுற்றிக் கட்டி, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தேன்.

"இதென்ன கூத்தடா, மச்சான்?"

"நீங்கள் வாயைத் திறவாதேங்கோ அத்தான். கும்பிட்டுக்கொண்டு வாங்கோ."

ஆட்டோவை மறித்த சிப்பாய் இளம் பொடியன். "மேக்க மொக்கத?" என்று மடியில் இருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். "தெய்யோ, சேர்" என்றேன். தெய்வம் என்றதும் அவன் தொப்பியைக் கழற்றினான். "கதரகம தெய்யோத?" கதிர்காமத்தானா என்கிறான். ஓம் என்று தலையாட்டினேன். அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். தம்பி வடக்கே சண்டையில் நிற்கிறான், அவனுக்காக ஒரு மந்திரம் சொல்லுங்கள் என்றான். எனக்குத் தெரிந்த தேவாரத்தில் மூன்று சொல்லும் தெரியாத மந்திரத்தில் முப்பது சொல்லும் கலந்து முணுமுணுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். தெய்வத்தின் முகத்தை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டுத் துணியை விலக்கினான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாலு போல்ட் ஓட்டைகள்.

எங்களை மண்மூட்டை அருகில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்தார். அத்தான் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொல்லி, ஹோட்டல் நம்பரைக் கொடுத்தார். ஃபோன் பேச ஒருவன் போனான். அதிகாரி இரும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரும் கேட்டதையே என்னிடம் கேட்டார்: படகுக்கு வேகம் எதற்கு?

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தமிழில், என்னைப் பாராமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "வேகத்துக்கில்லை. திருப்பேக்க மோட்டர் கத்துது. கத்தின உடனை கரையில நிக்கிற சனம் முழுக்கத் திரும்பிப் பாக்குது. மோட்டரை இல்லை, என்னை. ஒவ்வொரு முறையும் இண்டைக்குப் பிடிக்கப்போறாங்கள் எண்டுதான் நினைக்கிறன். கத்தாமல் ஓடினாப் போதும், மச்சான். ஒருத்தரும் என்னைப் பாக்கவேண்டாம்."

ஜன்னல் சாத்துகிற வீரன் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வீட்டில் என்னைவிடப் பயந்த ஒரு மனிதன், சத்தமில்லாமல், புட்டை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதை நான் அப்படியே மொழிபெயர்க்கவில்லை. "மோட்டர் கத்தினால் மணப்பெண் பயந்துவிடுவா, சேர்" என்றேன். ஃபோனில் மனேஜரும் கல்யாணவீட்டுப் பொலிஸ் பெரியவரின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். இரும்பைத் திருப்பித் தந்தார்கள். அந்தச் சிப்பாய் மட்டும் மாலையைத் தரவில்லை. சாவடி மூலையில் இருந்த சாமி படத்துக்கு அதைப் போட்டுவிட்டு, "மாலையாவது பொய்யில்லையே" என்று சிங்களத்தில் சொன்னான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று நானும் போனேன். பாதுகாப்புக்கு வந்தவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். மணமக்கள், தோழிகள், மேளக்காரர் என்று தளம் நிறைய ஆட்கள். அத்தான் திருப்பத்தில் வளைத்தார். படகு நனைந்த சவர்க்காரம் வழுக்குவதுபோலத் திரும்பியது. மோட்டர் முணுமுணுத்ததோடு சரி. கரையில் எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. இறங்கி வந்த அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

போன மாதம் பிறந்தநாள் விழா ஒன்றுக்காக அதே ஏரியில் படகேறினோம். இப்போது புதுப் படகு, பாட்டுப்பெட்டி, ஓட்டுவது ஒரு தமிழ்ப் பொடியன். திருப்பத்தில் அவன் வேண்டுமென்றே முறுக்க, மோட்டர் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது; பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை, என்ன மச்சான்?"

"இல்லை அத்தான்" என்றேன். சொல்வதற்கு முன் நானும் ஒருமுறை கரையைப் பார்த்துக்கொண்டேன்.