இருபத்து நான்கு திரையில் ஒரு கடிதம்

பள்ளிப் பிள்ளைகள் என் அக்காவை டிஸ்க் அக்கா என்பார்கள். பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். இடது காது சரியாகக் கேட்காது. அவள் சம்பளத்தில்தான் எங்கள் இருவர் வயிறும் நிறைந்தது.

லேப்பில் இருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாகப் படுத்தபோது வழி கண்டுபிடித்தவள் அவள்தான். நன்றாக ஓடிய ஒரே கம்ப்யூட்டரில் பாடம், புரோகிராம் எல்லாவற்றையும் அடுக்கினாள். அதை அப்படியே குளோன் எடுத்து, வெளியிலிருந்து செருகும் இருபத்து நான்கு டிஸ்க்கில் இறக்கினால், எந்தப் பழைய மெஷினும் அதை வைத்தே ஓடும். ஆனால் யோசனை தன்னுடையது என்று பள்ளிச் செயலாளரிடம் மார்தட்டிக்கொண்டவர் கம்ப்யூட்டர் சார்.

குளோன் எடுக்கும் முன் மாஸ்டரை, அதாவது அந்த மூலக் கம்ப்யூட்டரை, வேண்டாத பைல்களை அழித்துத் துடைப்பது அக்காவின் பழக்கம். அதில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் எல்லா டிஸ்க்கிலும் வந்துவிடும். அப்படித் துடைக்க உட்கார்ந்தபோது, திரையின் ஓரத்தில் 'மச்சானுக்கு' என்று ஒரு பைல் கிடந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். படித்தாள். கம்ப்யூட்டர் சார் தன் மச்சானுக்கு எழுதியது.

"அந்தச் செவிட்டு அம்மாவை அடுத்த மாதம் கழற்றிவிடுகிறேன். நீ வந்து உட்கார்ந்துகொள். செயலாளர் ஒரு தலையாட்டி. நான் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்."

வீட்டுக்கு வந்து அழுதாள்.

"இப்பவே போய் செயலாளர்கிட்ட காட்டுக்கா!"

"காட்டினா, நான் எழுதவே இல்லைன்னு சாதிப்பாரு. என்னைத்தான் திருடிங்கும் ஊரு."

மறுநாள் சாரிடமே கேட்டாள். "சார், மாஸ்டரைத் துடைச்சிடட்டுமா? உங்க பைல் ஏதாவது இருந்தா எடுத்துக்குங்க."

அவர் போனிலிருந்து தலை நிமிரவில்லை. "உங்க வேலை பட்டனை அமுக்கறது. எதையும் தொடாம, இருக்கறபடியே எடுங்க."

"அதை நோட்டுல எழுதிடுங்க சார்."

சலித்துக்கொண்டே லேப் நோட்டில், 'என் பைல் எதையும் தொடாமல் இருக்கிறபடியே எடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நானாக இருந்தால் துடைக்கட்டுமா என்று கேட்டிருக்கவே மாட்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து குளோன் எடுத்தாள். மூன்றாம் நாள் காலை செயலாளர் வந்தார். சார் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "என்னோட திட்டம் சார்" என்று கை நீட்டினார். பிள்ளைகள் டிஸ்க்கைச் செருகினார்கள். இருபத்து நான்கு திரையும் ஒன்றாக விழித்தன.

செயலாளரும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'மச்சானுக்கு' நட்டநடுவில் நின்றது. அந்தப் பிள்ளை திறந்தது. மற்றதுகள் சும்மா இருக்குமா? எல்லாம் திறந்து, பாடம் என்று நினைத்துச் சத்தமாகவே வாசித்தன.

செவிட்டு அம்மா என்பதை அத்தனை குரலில் கேட்டபோது அக்காவுக்கு உடம்பு கூசியதாம். தலையாட்டி என்று வந்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டதாம்.

சார் முகத்தில் ஈயாடவில்லை. "யார் இதை உள்ளே வெச்சது? நீங்க துடைக்கலையா?"

அக்கா நோட்டைத் திறந்து நீட்டினாள். செயலாளர் வாசித்தார், தலை கொஞ்சமும் ஆடவில்லை.

"கையெழுத்து உங்களோடதுதானே, சார்? லேப் இனிமே இந்த அம்மா பொறுப்பு. இவங்க சொல்லச் சொல்ல, இருபத்து நாலையும் நீங்களே துடைச்சு திரும்ப எடுங்க."

எடுத்தார். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். அவர் ஏதாவது கேட்கும்போதெல்லாம் இடது காதைத் திருப்பி, "என்ன சார்? கொஞ்சம் சத்தமா" என்றாளாம். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்க வைத்தாளாம்.

"ஓரத்துல கிடந்த பைல் நடுவுக்கு எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான்தான் இழுத்து வெச்சேன்" என்றாள். "ஓரத்துல இருந்தா பிள்ளைங்க கண்ணுல படாதுல்ல?"