முன்சக்கரத்தின் சத்தம்

முதலில் பேசியது மெக்கானிக்தான். பிக்கப் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். கிரீஸும் மண்ணும் அப்பிய விரல்களை என் மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, ஆக்சில் பூட் ரப்பர் கிழிஞ்சு தொங்குது. எத்தனை நாளா இப்படி?"

"இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். டயர்ல கிரீஸ் தெறிச்சிருந்துச்சு," என்றார் மாமா.

"இன்னைக்குக் கிழிஞ்சதா இது? யாராவது சின்னப் பிள்ளைகிட்ட சொல்லுங்க. ரப்பர் கிழிஞ்சு, கிரீஸெல்லாம் வெளிய போய், மண்ணு உள்ள பூந்து ஜாயின்ட்டே தேஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவை வண்டியைத் திருப்பும்போதும் டக்கு டக்குன்னு அடிச்சிருக்குமே?"

மாமா சிரித்தார். "சரி சரி. ரப்பரை மட்டும் மாத்திடு."

"ரப்பரை மாத்தி? செத்தவனுக்குப் புதுச் சட்டை போட்டு விடவா?"

கூட வந்திருந்த கண்ணாடிக் கடை முதலாளி செல்போனிலிருந்து நிமிர்ந்தார். "சத்தம் வந்திருக்கும்னா சொல்றீங்க?"

"வந்திருக்குமாவா? தெருவுல தூங்குற நாயெல்லாம் எந்திரிச்சு ஓடியிருக்கும்."

முதலாளி மெதுவாக மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். "அண்ணே, கிளம்பலாமா?" என்று சாதாரணக் குரலில் கேட்டார். மாமா மெக்கானிக்கின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி இன்னொரு முறை கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, மாமாவின் கையைத் தட்டினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி முதலாளியைப் பார்த்து, "சரி சரி" என்றார்.

முதலாளி செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்லூரிப் படிப்புக்காக அவர் வீட்டில் தங்கியிருந்தேன். இருபத்திரண்டு வருடம் அந்தக் கடையின் கண்ணாடிகளை ஏற்றிப்போனவர். சாய்வான மரச்சட்டத்தில் கண்ணாடிகளை நிறுத்தி, இடையில் பழைய கம்பளித் துண்டு செருகி, கயிறு போட்டு இறுக்குவார். ஓட்டும்போது பின்னால் ஒன்று லேசாக முனகினாலும் வண்டியை ஓரங்கட்டி, சரியாக அந்தக் கயிற்றையே போய் இறுக்குவாராம். இத்தனை வருடத்தில் அவர் கையில் உடைந்தவை மூன்றே மூன்று. எந்தத் தெருவில், யார் வீட்டு ஜன்னலுக்குப் போனவை என்று மூன்றையும் சொல்வார்.

பிறகு காது மங்கியது. முதலில் ஒன்று, அப்புறம் மற்றது. அத்தைக்கு மட்டும் முழுதாகத் தெரியும். "உங்க மாமாகிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்னா ஊரையே கூட்டி வச்சுதான் சொல்லணும்," என்பார். கடையில் தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது. அதனால் எஞ்சினைப் பாதத்தால் கேட்டார், ஹாரனைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ரேடியோவைக் கழற்றிவிட்டு, "சரக்குக்குப் பாட்டு பிடிக்காது" என்றார். யார் எது சொன்னாலும் "சரி சரி". கடையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

தினமும் காலையில் என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார். எனக்குக் கூச்சத்தில் பேச்சு வராது, அவருக்குப் பேச்சு எட்டாது. இருவருக்கும் அது வசதியாக இருந்தது. கொஞ்சம் காது மந்தம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். மூன்று வாரமாகக் கல்லூரித் திருப்பத்தில் அந்த டக்கு டக்கு எனக்குக் கேட்டது. அவருக்குத் தெரியாததா என்று சும்மா இருந்தேன்.

முதலாளி சொல்லி அனுப்பிய காது பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே மாமா, வெளியே சோதிக்கும் பெண். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். மாமா ஒன்றுகூட விடாமல் அழுத்தினார். அந்தப் பெண் சந்தேகப்பட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். மாமாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது. அதுவரை கண்ணாடி வழியாக அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கருவி வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும், பேச்சு புரியாது என்றார்கள். அறிக்கை அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. நான்தான் தமிழில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு," என்றார்.

சாவி போனது. வெட்டும் கூடத்தில் அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரிய கண்ணாடி சரிய, "நகருங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். மாமா குனிந்து கம்பளித் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பினார். அதை நாலாவது என்று தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மறுநாள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். புது ஜாயின்ட், புது டிரைவரோடு வண்டி எங்கள் தெருவைக் கடந்து போகும். ஜன்னல் பக்கம் முகம் இருந்தால் பார்ப்பார். இல்லாவிட்டால் அது போனதே அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்வதில்லை.

நான் முதன்முதலில் அவர் வண்டியில் ஏறிய காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. கயிற்றை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், சாவியைத் திருப்பாமல் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். கூச்சக்காரியைக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

"ரெண்டு பாஷை படிச்ச பிள்ளை நீ. வண்டியில புதுசா ஏதாவது சத்தம் கேட்டா எங்கிட்ட சொல்லும்மா. வாயைத் திறக்க வேணாம், கையைத் தட்டினாப் போதும்."