பெயருக்கு முன்னால் மூன்று வரி

ஊர் வலைப்பூ நடத்துகிறவளுக்கு எழுத்துக்குப் பஞ்சம் வராது. எழுதியவரின் பட்டங்களைப் போடத்தான் இடம் போதாது. நீங்களும் ஒரு கழக மலரையோ பள்ளிக்கூடச் சஞ்சிகையையோ ஒருமுறையாவது தொகுத்திருந்தால், இந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

கணவர் மௌத்தாகி, வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தபின், கல்முனையில் என் பகல்கள் மிகவும் நீண்டுபோயின. தமிழ் படித்தவள், தமிழ் படிப்பித்து இளைப்பாறியவள் சும்மா இருக்கக்கூடாது என்று என் மகள் சப்ரினா ‘கரைக்கடிதம்’ என்று ஒரு வலைப்பூவை அமைத்துத் தந்தாள். முதல் வருடம் எழுதியது நான் ஒருத்தி. வாசித்தவர்கள் இரண்டு பேர். அதிலும் ஒருத்தி நான். அதன்பிறகுதான், யாரும் எழுதலாம், ஆக்கங்களை அனுப்புங்கள் என்று அறிவித்தேன்.

இதில் கவிதை எது

முதலில் அனுப்பியவர் என் கணவரின் கூட்டாளி, இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் இஸ்ஸதீன் சேர். கரைவலை இழுப்பதைப் பற்றி எட்டு வரி. நல்ல கவிதை, கடைசி இரண்டு வரியில் கயிறு இழுப்பவர்களின் மூச்சே கேட்டது. ஆனால் அந்த எட்டு வரிக்கு மேலே அவருடைய பெயர் இருந்தது, பெயருக்கு முன்னால் இன்னும் மூன்று வரி இருந்தது. அல்ஹாஜ், சமாதான நீதவான், படித்துப் பெற்ற இரண்டு பட்டம், பொன்னாடையோடு பெற்ற ஒரு பட்டம், இரண்டு சங்கங்களின் ஆயுட்காலத் தலைவர்.

அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் எழுத வந்தார்கள். வரவர ஆக்கங்கள் குறுகின, பெயர்கள் நீண்டன. ஒருவர் தன்னைக் கௌரவித்த கூட்டத்தின் தலைவர் பெயரையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். அதைக் கைப்பேசியில் திறந்து, விரலால் மேலே தள்ளித் தள்ளிக் களைத்துப்போன சப்ரினா கேட்டாள்: “உம்மா, இதுல கவிதை எது?”

பெயரும் ஊரும்

இத்தா முடிந்து முதன்முதலாக வெளியே போன அன்று, சந்தியில் என் கணவருக்கு அனுதாபம் சொல்லிக் கட்டிய பதாகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வகித்த பதவிகளெல்லாம் மேலே பெரிதாக, ‘முன்னாள்’, ‘முன்னாள்’ என்று அடுக்கியிருந்தன. பெயரைத் தேடினேன். அடியில், சின்ன எழுத்தில், பாதி வெயிலில் வெளிறிப்போய் இருந்தது. நாற்பது வருடம் நான் மனதுக்குள் மட்டும் கூப்பிட்ட பெயர் அது.

அதனால்தானோ என்னவோ, ஒருநாள் துணிந்து வலைப்பூவில் விதி போட்டேன்: இனி எழுதுகிறவரின் பெயரும் ஊரும் மட்டும். இஸ்ஸதீன் சேர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை; அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் அவரும் அந்த ஒன்பது பேரும் விலகிக்கொண்டார்கள். தாங்களே புதிதாக ஒரு வலைப்பூ தொடங்கப் போவதாகவும், பழைய ஆக்கங்களை நீக்கிவிடும்படியும் கேட்டார்கள். ஒவ்வொன்றாக நீக்கினேன். அறுவடை முடிந்த வயலைப்போல் பக்கம் வெறுமையானது. அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன் சேர் சொன்னது இதுதான்: “டீச்சர், மொட்டைப் பேரோட எழுதினா, ஊர்ல நான் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?”

உறுதியில் உள்ள பெயர்

ஏழு வாரம் ஒருவரும் எழுதவில்லை. பெருநாளுக்குள் ஓர் ஆக்கமாவது வராவிட்டால் கடையை மூடிவிடுவோம் என்று சப்ரினாவிடம் சொன்னேன். நோன்பு தொடங்கிய வாரத்தில் நிந்தவூரிலிருந்து ஆயிஷா என்ற பெண் செய்தி அனுப்பினாள். பெயருக்கு முன்னால் போட ஒன்றுமில்லாதவர்களையும் சேர்ப்பீர்களா என்று கேட்டிருந்தாள்.

கணவர் கட்டாரில். தாய்வழியாகச் சீதனமாய் வந்த வயலை அவளே பார்க்கிறாள். கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவதென்று விவசாயிகள் கூடித் தீர்மானிக்கும் கன்னக்கூட்டத்துக்கு, ஒரே பெண்ணாகப் போய்வந்த கதை. அவளுக்குக் கதவோரம் கடைசிக் கதிரை கிடைத்தது. கடைக்கோடி வயல்களுக்கு ஏன் எப்போதும் கடைசியில் தண்ணீர் என்று அவள் கேட்டபோது, எல்லாரும் பதிலை அவளுடைய அண்ணன், துணைக்கு வந்த நானாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களாம். “எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர், எல்லாருடைய காலையும் கழுவிவிட்டுத்தான் வருகிறது” என்று எழுதியிருந்தாள். அந்த வரியைத் தொட எனக்குக் கை வரவில்லை. வம்பு வரும் என்று பயந்து, புனைபெயர் ஒன்று வைப்போமா என்று கேட்டேன். “வேணாம் டீச்சர், வயல் உறுதிப் பத்திரத்திலயும் எண்ட பேருதான் இரிக்கி.”

கதிரை

அது பிரசுரமானதும், முழு வருடத்தில் வராத வாசகர்கள் இரண்டு நாளில் வந்தார்கள். கூடவே கருத்துகளும் வந்தன. எழுதியவர்கள் ‘உண்மை விரும்பி’, ‘சமூக அக்கறையாளன்’ போன்றவர்கள். பெண் பிள்ளைக்கு வரம்பில் என்ன வேலை என்பது பொதுவான கேள்வி. சமூக அக்கறையாளன் என்மீதும் அக்கறைப்பட்டு, இந்த வயதில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருக்கலாமே என்றார். ஒன்றையும் அழிக்கவில்லை, நிறுத்தி மட்டும் வைத்தேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்: பெயரையும் ஊரையும் அனுப்புங்கள், உடனே பிரசுரிக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் பணிவாகப் பதில் போட்டேன். ஒருவரும் அனுப்பவில்லை.

பெயரோடு வந்தது ஒன்றே ஒன்று. அனுப்பியவர், அந்த வாய்க்காலில் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. அவர் எதிர்த்து ஒரு சொல் எழுதினால் ஆயிஷாவை இனிக் கூட்டத்துக்கு விடமாட்டார்கள், அவளும் எழுதமாட்டாள், அதோடு நானும் முடிந்தேன். சப்ரினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திறந்தேன். “கதவடியில கதிரை போட்டது நான்தான். அடுத்த கூட்டத்துக்கு முன்னுக்குப் போடுறன், தங்கச்சி வந்து கதைக்கட்டும்.”

எட்டு வரி

அதன்பிறகு மடை திறந்தது. அட்டாளைச்சேனையிலிருந்து பிரசவம் பார்க்கும் ஒரு குடும்பநல மாது, சாய்ந்தமருதிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர், கோமாரியிலிருந்து கடலுக்குப் போகிற ஒருவர். இத்தனை நாளும் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், மூன்று வரிப் பெயர்களைப் பார்த்து ஒதுங்கி நின்றோம் என்கிறார்கள்.

ஒரு பின்னேரம் இஸ்ஸதீன் சேர் வீட்டுக்கு வந்தார். அவர்களுடைய வலைப்பூ என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். முதல் ஆக்கம் யாருடையது என்பதில் பத்துப் பேருக்கும் இன்னும் முடிவில்லையாம். பட்டங்களை எண்ணி மூப்பு பார்த்தார்களாம், அதிலும் இருவர் சமமாக வந்துவிட்டார்களாம். பிளேன்டீ குடித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே எட்டு வரி, அடியில் இஸ்ஸதீன், கல்முனை. அல்ஹாஜ் மட்டும் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஹஜ் செய்தது அல்லாஹ்வுக்குத் தெரியும் சேர் என்றேன். சிரித்துவிட்டார்.

மறுநாள் பிரசுரித்தேன். அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை, எல்லாரும் அந்தக் கடைசி இரண்டு வரியைப் பற்றியே எழுதினார்கள். சேர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: “டீச்சர், இப்பதான் ஆக்கள் எண்ட கவிதையக் கதைக்காங்க.”

பட்டமில்லாத எழுத்தாளர்களைத் திரட்டிய சேவைக்காக எனக்கொரு பட்டம் தரப்போவதாக ஒரு சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை எங்கே போடுவது என்று அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.