கப்பலேறிய பெண்ணுக்கு ஒரு பிடி அரிசி

சிறுவர் பத்திரிகைக்கு ஓர் அடிமைப் பெண்ணைப் பற்றித் தொடர்கதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் பத்திராதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "டீச்சரம்மா, ராஜகுமாரி கதை ஏதும் கைவசம் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். ராஜகுமாரிகளை நான் பார்த்ததில்லை. அவர் நல்ல மனிதர். வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து, வருகிற எழுத்தாளர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தே நொடித்துக்கொண்டிருந்தார். சரி, எழுதுங்கள், ஆனால் சாட்டை வேண்டாம், சூடு போடுவது வேண்டாம், குழந்தைகள் படிப்பது என்று சம்மதித்தார்.

கதை பழவேற்காட்டில் தொடங்கியது. ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் காலத்தில், பஞ்சம் வந்தபோது, அரிசிக்காகப் பெற்ற பிள்ளைகளை விற்றிருக்கிறார்கள். விலைக்கு வாங்கியவர்களைக் கப்பலில் ஏற்றி ஜாவாப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் நடத்திய சரித்திரப் பாடத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அப்படி ஏற்றப்பட்ட ஒருத்திதான் என் கதாநாயகி. ஓவியர் அவளை வரைந்து கொண்டுவந்தார். தலை நிறையப் பூ, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், காலில் கொலுசு போல ஒரு சங்கிலி. கல்யாண வரவேற்புக்குக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறாளே ஐயா என்றேன். "அழகா இருந்தாத்தான் பசங்களுக்குப் பாவமா இருக்கும்" என்றார். அழகில்லாதவளை விற்றால் பரவாயில்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. கோபம்கூட அந்த நாட்களில் எனக்குப் பாதியிலேயே நின்றுவிடும். மரத்துப்போன காலைக் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தேன்.

ராயபுரத்தில் கடலை ஒட்டிய தெருவில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா கருவாடு விற்றாள். நான் தண்டையார்பேட்டையில் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். என் அக்கா, உலகச் சண்டைக்கு முன்பே, கட்டிய புருஷனோடு மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவள். ஜப்பான்காரன் அங்கே வந்தபின் கடிதம் நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், அவள் புருஷன் சயாமில் ரயில் பாதை போடுகிற இடத்தில் செத்துப்போனான் என்று சொன்னார். அக்காவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. செத்தாள் என்று சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்போம்.

அம்மா உலை வைக்கும்போது எங்கள் இருவருக்கும் அரிசியை அளந்து போட்டுவிட்டு, அக்காவுக்கென்று ஒரு பிடி கூடப் போடுவாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வழியில் பசிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் அப்படிச் செய்வது வழக்கம். அது ஒன்றிரண்டு நாளைக்குத்தான். அம்மா வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தாள். அந்தச் சோறு தினமும் மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நான்தான் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அக்காவின் பங்கைத்தான் தின்கிறோம் என்ற நினைப்புக்கூட நாளடைவில் போய்விட்டது.

பினாங்குக் கப்பல் வரும் நாளில் அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துறைமுக வாசலுக்குப் போய்விடுவாள். தகரப் பெட்டியோடு வெளியே வருகிறவர்களை நிறுத்தி, அக்காவின் பெயரைச் சொல்லி, பார்த்தீர்களா என்று கேட்பாள். யாரும் பார்த்ததில்லை.

பத்திரிகை வந்ததும் தெருப் பிள்ளைகள் எங்கள் வாசலில் கூடிவிடும். நான் உரக்கப் படிப்பேன். அம்மா பக்கத்தில் கருவாட்டில் மணல் தட்டிக்கொண்டே கேட்பாள். அக்கா சிறுமியாக இருந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு பிடிக்கப் போய், இடது கைக் கட்டைவிரலின் அடியில் நன்றாகக் கடி வாங்கியிருந்தாள். அந்தத் தழும்பைக் கதையில் வரும் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். பூவும் கண்ணீரும் ஓவியர் கொடுத்தது, அவளுடையது என்று ஏதாவது ஒன்று இருக்கட்டுமே என்று எழுதியதுதான். அந்த வரியைப் படித்தபோது கருவாடு தட்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அடுத்த அத்தியாயத்தில், கப்பலில் கணக்கெழுதும் எழுத்தன், தன் நாக்குக்கு வசதியாக ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதுப் பெயர் வைத்தான். அப்படித்தான் நடந்திருக்கிறது.

"ஏன்க்கா, அவ பேரு அவளுக்கே மறந்துபூடுமா?" என்றாள் ஒரு சிறுமி.

மறக்காது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை என்றேன்.

பிள்ளைகள் கலைந்ததும் அம்மா என்னிடம் வந்தாள். "பேர மாத்திட்டானுங்கன்னா நான் எத்த சொல்லிடீ தேடறது?"

"அது கதைம்மா. எந்தக் காலத்துலயோ நடந்தது."

"தழும்பு யாருதுன்னு எனக்குத் தெர்லன்னு நெனச்சுகினியா?"

கதை எழுதுகிறவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நேராகச் சொல்ல மனம் வராமல் இப்படிச் சொல்கிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த கப்பலுக்கு நானும் கூடப் போனேன். அம்மா அக்காவின் பெயரைச் சொல்லவே இல்லை. "எடது கையில நண்டு கவ்வன தழும்பு கீற பொண்ணு ஒர்த்தி, பாத்தியா தாயீ?" என்று கேட்டாள். எல்லோரும் விலகிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்றாள். தலையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். கை நெடுகக் கீறலும் தழும்புமாக இருந்தது.

"பால்மரம் சீவுற கத்திம்மா. அங்க எல்லார் கையும் இப்பிடித்தான். எந்தத் தழும்புன்னு பாக்குறது?"

அம்மா அந்தக் கைகளை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண், "உசுரோட இருந்தா எங்கயாச்சும் தின்னுக்கிட்டுத்தாம்மா இருக்கும்" என்றாள். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.

கடைசி அத்தியாயம் எழுதவேண்டி வந்தது. பத்திராதிபர், ஓர் இளவரசன் கப்பலோடு போய் அவளை மீட்டு வரட்டும் என்றார். ஒல்லாந்தர் காலத்தில் எந்த இளவரசன் சார் என்றேன். "கதைதானேம்மா. பிள்ளைங்க அவ திரும்பி வருவான்னு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அவரிடம் பிள்ளைகளின் கடிதங்கள் கட்டாக இருந்தன. வீட்டிலோ அம்மா, கருவாட்டைக் காயப்போட்டபடி, "அவள இட்டுகினு வந்துடுவ இல்ல?" என்று கேட்டிருந்தாள். கதையில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தால் அம்மா சாகும்வரை துறைமுக வாசலில் நிற்பாள். கொன்றால் அன்றைக்கே தலைவிரித்து உட்கார்ந்துவிடுவாள். இரண்டையும் செய்ய எனக்கு என்ன உரிமை? பயமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது என்றால் அந்தப் பயம்தான்.

இளவரசன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். "சாகடிச்சுடாதீங்க, அது போதும்" என்று சொல்லி, நான் எழுதியதைப் பத்திராதிபர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் வாசலில் படித்தேன். அந்தத் தீவில், எஜமான் வீட்டுச் சமையற்கட்டின் பின்பக்கம், தலை நரைத்த அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். வேலை முடிந்துவிட்டது. தழும்புள்ள கையால் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். கதை அவ்வளவுதான். பிள்ளைகள் எழுந்து போனார்கள். ஒரு பையன் மட்டும் ஏமாற்றிவிட்டேன் என்று திட்டிக்கொண்டே போனான்.

அம்மா நகரவில்லை. "துன்றாளா?"

"துன்றாம்மா."

"தனியாவா?"

"இல்ல. கூட நாலு பொம்பளைங்க கீறாங்க."

அது கதையில் இல்லை. அம்மா கேட்டதற்காகச் சொன்னேன்.

அம்மா எழுந்து உள்ளே போய் உலை வைத்தாள். அரிசி களையும் சத்தம் கேட்டது. நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல இருவரும் சாப்பிட்டுப் படுத்தோம். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, அக்கா பங்குப் பழையதை எடுக்க அடுப்படிக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்து வைத்த பானை, ஈரமே இல்லாமல் காய்ந்திருந்தது.